இடக்கை நரி

தாலினில் ஏறி ஸ்டாக்ஹோமில் இறங்கும்வரை
பயணிகளுக்கு அலுப்புத் தட்டாமல் பார்த்துக்கொள்ள
எனக்குச் சம்பளம்.
ஏழாம் தளம், வட்ட மேடை.
வலக்கையில் சீட்டு, நாணயம், பட்டுத்துணி, மைக்
எல்லாம் மாறி மாறி.
இடக்கை என்னுடையதல்ல.
அது மிக் என்ற நரி.
நரி இடம் போனாலென்ன வலம் போனாலென்ன என்று
இருந்துவிட முடியாது இந்தத் தொழிலில்.
இடம்தான்.

ஒற்றைக் கையால் வித்தை காட்டுகிறாளே என்று
சனம் இரக்கப்படும்.
இன்னொரு கை எங்கே என்று ஒருவரும் கேட்டதில்லை.
நரிக்கு வாலிருக்கிறது, தலையிடி இருக்கிறது,
ராத்திரி விருந்தின் மீன் பற்றி அபிப்பிராயம் இருக்கிறது.
உள்ளே ஐந்து விரலும் இருக்கும் என்று நினைக்க
நேரமிருப்பதில்லை.

கண்கட்டு வித்தை என்பது பெயருக்குத்தான்.
யார் கண்ணையும் நான் கட்டியதில்லை.
காதைப் பிடித்துக் கண்ணை இழுத்துப்போகிறேன், அவ்வளவே.
நரியின் வாயிலிருந்து குரல் வந்ததும்
நூற்றெண்பது பேரும் நரியைப் பார்ப்பார்கள்.
அந்த அரை நொடி போதும்
ஒரு மோதிரத்துக்கு, ஒரு கைக்கடிகாரத்துக்கு,
ஒருமுறை ஒருவரின் பல்செட்டுக்கு.

அன்று கடல் சரியில்லை. நவம்பர்.
பாடகியின் கவுன் ஜிப் மாட்டிக்கொண்டது.
திரைக்குப் பின்னால் ராஸ்மஸ் நான்கு விரல் காட்டினான்:
இன்னும் நாலு நிமிடம் ஓட்டு.
முன்வரிசையில் தனியாக இருந்தவரிடம்
ஏதாவது கொடுங்கள் என்றேன்.
அவர் என் உதட்டைப் பார்த்தார். பிறகு
தக்கை மிதவை கோத்த வேன் சாவியை நீட்டினார்.

துணி போர்த்தினேன். ஊதினேன். சாவி இல்லை.
"மிக், நீயா எடுத்தாய்?"
"நானா? நான் டயட்டில் இருக்கிறேன்."
சிரிப்பு. எல்லாக் கண்ணும் நரியிடம்,
அவருடையது மட்டும் என்னிடம்.
உதடு அசையவில்லை; தொண்டை அசைந்தது.
அங்கிருந்து தோள், தோளிலிருந்து முழங்கை,
குழாய்க்காரர் கசிவைத் தேடிப்போவதுபோல்
நிதானமாக வந்து
சாவி இருந்த இடத்தில் நின்றது பார்வை.

அப்போதுதான் உறைத்தது: அவருக்குக் காது கேட்காது.
பிடித்து இழுக்க எனக்குப் பிடி இல்லை.

பதினோரு வருடத்தில் முதல்முறையாக
நரிக்குள் விரல் வியர்த்தது.
மிக் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனான்,
கேப்டனின் மீசை பற்றி, நாளைய பிங்கோ பற்றி.
நான் கேட்கவில்லை.

அவர் எழுந்து வந்தார். கப்பல் சாய்ந்ததில்
கொஞ்சம் ஓடியே வந்தார்.
நரிக்குக் கைகொடுத்தார்.
கம்பளித் தோலுக்கு மேலாகவே
சாவியின் பற்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்,
என் விரல்களையும்.

பிறகு தன் சட்டைப்பையில் தேடினார்,
காலணிக்குள், பக்கத்து மேசைக்காரியின் தொப்பிக்குள்.
தலையில் அடித்துக்கொண்டார்.
அத்தனை மோசமான நடிப்பை நான் பார்த்ததில்லை.
சபை மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தது.
நாலு நிமிடம் ஒன்பதாயிற்று.
பாடகி தயாராகி, சினந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

சாவி கடைசியில் எங்கே கிடைத்தது என்று
சொல்ல மாட்டேன்.

காலை ஆறரை. வண்டித்தளம், டீசல் நெடி.
சங்கிலியோரம் காபியோடு நான்.
புகைபோட்ட விலாங்கு ஏற்றிய வெள்ளை வேன்,
முன்கண்ணாடிக்குள் பெயர்ப்பலகை: ஸிக்மார்ஸ்.
ஸ்டியரிங்கிலிருந்து இடக்கையை எடுத்தார்.
பெருவிரலோடு நடுவிரல் இரண்டும் சேர்ந்து மூக்கு,
மற்ற இரண்டும் காது.
அந்த நரி நீளமாக ஏதோ சொன்னது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.
வலக்கையில் கோப்பை.
இடக்கை சும்மா இருந்தது, குளிரில் சிவந்து
தோலுரித்த மாதிரி.
அதைத் தூக்கி
புரிந்ததுபோல் தலையாட்ட வைத்தேன்.